இன்னைக்கு நடை இல்லையாம்

சிஸ்டர் நடந்தால் பின்னால் வருகிறவர்கள் ஓட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் அவர் தலைமை நர்ஸாக இருந்தபோது டாக்டர்களே அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்தார்கள் என்பது அந்த வட்டாரத்தின் பழைய வேடிக்கை. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர் கணவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். மணமான புதிதில் இருவரும் சேர்ந்து நடக்கப் போனார்கள். பேசிக்கொண்டே வந்த கண்ணாடிக்காரர் பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மனைவி இல்லை. தெருமுனை தாண்டிப் போயிருந்தார். அன்றோடு அந்தச் சேர்ந்த நடை முடிந்தது. மனைவி நடந்தார், கணவர் கடையில் உட்கார்ந்தார். குடும்பம் குறையில்லாமல்தான் ஓடியது.

மறதி நோய் என்று டாக்டர் பெயர் வைத்த பிறகு, தெரிந்தவர்கள் செய்த முதல் காரியம் சிஸ்டரிடம் பேசுவதை விட்டதுதான். அவர் பக்கத்திலேயே நிற்கும்போது, அவர் தலைக்கு மேலாகக் கணவரிடம் கேட்டார்கள்: "சாப்பிடறாங்களா? ஆளையெல்லாம் அடையாளம் தெரியுதா?" குடிவந்த வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்கிற தொனியில் கேட்டார்கள். டாக்டரே அதைச் செய்தார்.

"ராத்திரி இவங்க தூங்கறாங்களா சார்?"

கண்ணாடிக்காரர் வாய் திறப்பதற்குள் சிஸ்டர் சொன்னார்: "நோயாளியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவரைப் பத்தி இன்னொருத்தர்கிட்டப் பேசக்கூடாது டாக்டர். என்னையே கேளுங்க."

டாக்டர் வயதில் சிறியவர். முகம் சிவந்து, "மன்னிச்சிடுங்கம்மா. நீங்க தூங்கறீங்களா?" என்றார்.

"அது தெரியல. இவர் விடற குறட்டை மட்டும் நல்லா கேக்குது."

டாக்டர் சிரித்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தே சொன்னார்: வெயில் படுகிற இடத்தில், நாலு பேரோடு, வழக்கமாக நடக்கிற நடையை விட வேண்டாம், மருந்தில் பாதி அதுதான். அந்த டாக்டரைப் பற்றிக் கண்ணாடிக்காரர் பிறகு யாரிடமும் குறையாகப் பேசவில்லை. அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

தொலைவில் இருந்த மகள் மட்டும் பயந்தாள். "வெளிய எதுக்குப்பா? எங்கயாவது போயிட்டாங்கன்னா? வீட்டுக்குள்ளயே நடக்கட்டும்" என்று ஒரு டிரெட்மில்லை வாங்கி அனுப்பினாள். சிஸ்டர் அதில் ஏறிக் கொஞ்ச நேரம் நடந்தார். எதிரே சுவர். நின்று, "என்னங்க, இதுல நடந்தா எங்க போய்ச் சேரலாம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அதன் மேல் துண்டு காய்ந்தது.

தெருக்கோடியில் பூங்கா. வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அதன் கம்பிக் கதவு தெரியும். காலையில் அங்கே ஒரு நடைக் குழு கூடும். எல்லாருக்கும் மஞ்சள் பனியன். தலைவர் எப்போதும் வெள்ளைத் தொப்பியோடு வருவதால் கேப்டன் என்று பெயர் வந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர், கப்பலையும் கண்டதில்லை படையையும் கண்டதில்லை. குழு தொடங்கிய நாள் முதல் முன்னால் நடப்பவர் சிஸ்டர். மற்றவர்கள் மருமகள், முட்டி வலி, கொழுப்பு என்று பேசிக்கொண்டு அந்த முதுகைப் பார்த்துப் பின்னால் போவார்கள். நோய் வந்த பிறகும் அப்படித்தான் நடந்தது. தெரு நேராக இருந்தது. கால்களுக்கு வழி தெரிந்தது. சிஸ்டர் தனியாகப் போய்த் தனியாக வந்தார்.

ஒரு நாள் சிஸ்டர் சுற்றுப்பாதையை விட்டு, பூங்காவின் பின்வாசல் வழியாக வெளியே நடந்தார். குழுவும் பின்னால் போனது. சந்து ஒன்றைத் தாண்டி, பெரிய சாலையைக் கடந்து, ஆஸ்பத்திரியின் பின்கதவில் நுழைந்து, அவசரப் பிரிவின் வாசல் வரை போனது. முதுகைப் பார்த்து நடந்தவர்களில் ஒருவர்கூட வழியைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று திரும்பிய சிஸ்டர், மஞ்சள் பனியன் கூட்டத்தைக் கண்டு அதட்டினார்: "என்ன இது கும்பலா வந்திருக்கீங்க? நோயாளிகூட ஒருத்தர்தான் இருக்கலாம். மத்தவங்க எல்லாம் வெளிய போங்க."

காவலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யாரோ படம் எடுத்துப் பரப்பினார்கள். கேப்டனின் பேரன் பள்ளி வரைக்கும் அது போயிற்று. கடைக்கு வந்தவர்கள் சொல்லக் கேட்டுக் கண்ணாடிக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் யாருக்கும் தீங்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் சிஸ்டர் காலையில் போன வேகத்தில் திரும்பி வரத் தொடங்கினார்.

"என்ன சீக்கிரம் வந்துட்ட?"

"இன்னைக்கு நடை இல்லையாம்."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த வாரங்களிலும். கண்ணாடிக்காரர் சந்தேகப்படவே இல்லை. நடந்துவிட்டுத்தான் வருகிறாள், நடந்தது நினைவில் நிற்கவில்லை என்று முடிவு கட்டினார். "நடந்துட்டு வந்துட்டம்மா. மறந்துட்ட" என்று பொறுமையாகத் திருத்தினார். சிஸ்டர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்ப்பார். "அப்படியா?" என்று உள்ளே போய்விடுவார்.

வீட்டில் நிலைமை மோசமானது. நடக்காத நடை உடம்புக்குள் தேங்கியது போல, பகல் முழுக்கக் கூடத்தைச் சுற்றி வந்தார். கட்டில் விரிப்பை உருவி, மூலை மடித்து, மறுபடி விரித்தார், மறுபடி உருவினார். சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வீட்லதான இருக்கோம்" என்றால் கோபம் வந்தது. நோய் முற்றிவிட்டது என்று கண்ணாடிக்காரர் மகளிடம் போனில் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன், கதவுக்கு ஒரு பூட்டுப் போடுங்கப்பா" என்றாள் அவள். பூட்டு வாங்கி வந்துவிட்டார். மேசை மேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்காத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

இரவெல்லாம் மழை பெய்த ஒரு காலையில் சிஸ்டர் திரும்பி வந்து, "இன்னைக்கு நடை இல்லையாம்" என்று ஷூவைக் கழற்றி வைத்தார். பூங்காவின் பாதை மண் பாதை. தூறலுக்கே கணுக்கால் வரை சேறு அப்பும். ஷூவின் அடியில் தெருவின் ஈரம் மட்டும் இருந்தது. சேறு ஒரு பொட்டுக்கூட இல்லை. கண்ணாடிக்காரர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இவர் ஒவ்வொரு நாளும் அதைத் திருத்தியிருக்கிறார்.

மறுநாள் பின்னாலேயே போனார். முட்டி வலியோடு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டி அருகே வந்தபோதே உள்ளே பேச்சு கேட்டது.

"சிஸ்டர், இன்னைக்கு நடை இல்ல. நாளைக்கு வாங்க." கேப்டனின் குரல் அன்பில் குழைந்திருந்தது.

"ஏன் இல்ல?"

"பாதை ஈரமா இருக்கு சிஸ்டர்."

"அப்ப நீங்கல்லாம் எதுக்கு வந்தீங்க?"

"நாங்களும் இப்பதான் கிளம்பறோம்."

மஞ்சள் பனியன்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தன. சிஸ்டர் திரும்பிக் கதவைத் தாண்டியதும் கேப்டன் கையைத் தட்டினார். கூட்டம் நடக்கத் தொடங்கியது. கண்ணாடிக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"பாதை காஞ்சிடுச்சா கேப்டன்?"

கேப்டன் நின்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகத்தில் வரவேண்டிய வெட்கம் வரவில்லை. சங்கடம் மட்டும் வந்தது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க."

"எதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது? பொய் சொன்னதையா, அதையே தினமும் சொன்னதையா?"

"அவங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சார். வர வேண்டாம்னு முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? இதுன்னா வருத்தம் இல்ல. எப்படியும் மறந்துடறாங்க."

மறந்துவிடுவார் என்பதால் அது பொய் ஆகாதாம். அந்தக் கணக்கில் தூங்குகிறவன் பையில் கைவிடுவதும் திருட்டு ஆகாது. நினைவுள்ளவனை ஏமாற்ற ஒவ்வொரு நாளும் புதுப் பொய் வேண்டும். மூளையைக் கசக்க வேண்டும். இங்கே ஒரே பொய் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தச் சிக்கனத்துக்குக் கருணை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். தினம் ஒரு பெண்மணி புதிதாக ஆசைப்பட்டு வந்து, தினம் புதிதாக ஏமாந்து போயிருக்கிறாள். மறந்தது அவள் தலை. கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்த கால்கள் எதையும் மறக்கவில்லை.

"அவ என்ன செஞ்சா உங்களை?"

"ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு சார்? அன்னைக்கு எங்க எல்லாரையும் எங்க கொண்டுபோய் விட்டாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும். அவளுக்கு மறதி, சரி. உங்களுக்கு என்ன வந்தது? பெரிய சாலையைத் தாண்டுற வரைக்கும் உங்கள்ல ஒருத்தருக்கும் கண்ணு இல்லையா? இருந்தா என் கடைக்கு வாங்க, பாத்துச் சொல்றேன். ஆட்டு மந்தை மாதிரி பின்னால போனது நீங்க. ஊர் சிரிச்சது உங்களைப் பாத்து. அதுக்குத் தண்டனை அவளுக்கா?"

பக்கத்து வீட்டு அம்மாள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். சிஸ்டரோடு பல வருடம் பழகியவள். "அண்ணா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவங்க கேக்கல."

"இவங்ககிட்டச் சொன்னியேம்மா, எங்கிட்ட ஏன் சொல்லல? நடுவுல ஒரு சுவர்தான இருக்கு?"

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

கேப்டன் சமாதானக் கையை நீட்டினார். "விடுங்க சார், பேசித் தீர்த்துக்கலாம். நாளையில இருந்து நீங்களும் கூட வந்தீங்கன்னா எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

"ஆட்சேபிக்க இது என்ன உங்க பாட்டன் தோட்டமா?" என்றார் கண்ணாடிக்காரர். "இனிமே உங்க மூஞ்சியில முழிக்கறதா இல்ல. வாம்மா, வீட்டுக்குப் போகலாம்."

கையை இழுத்தார். சிஸ்டர் அசையவில்லை.

"வீட்டுக்கா? நான் இன்னும் நடக்கவே இல்லயே."

கண்ணாடிக்காரர் இழுப்பதை நிறுத்தினார். இவ்வளவு நேரம் கேப்டனிடம் சண்டை போட்டு, கடைசியில் கேப்டன் செய்ததையே அவரும் செய்யப் பார்த்திருக்கிறார்: நடக்க வந்தவளை நடக்காமல் திருப்பி அனுப்புவது.

"நீங்க சண்டையை முடிச்சிட்டு மெதுவா வாங்க" என்று சிஸ்டர் கையை உருவிக்கொண்டு புறப்பட்டார். கேப்டன் ஒரு பக்கமாக ஒதுங்கினார். மஞ்சள் பனியன்கள் நடுவில் வழிவிட்டன. பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும், யாரையும் பார்க்காமல், அந்த முதுகுக்குப் பின்னால் ஏறக்குறைய ஓடினாள்.

மேசை மேல் கிடந்த பூட்டைக் கண்ணாடிக்காரர் கடையின் ஷட்டருக்குப் போட்டார். காலையில் மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு பூங்காவுக்குப் போகத் தொடங்கினார். பின்வாசலுக்கு எதிரே அதை விரித்து உட்காருவார். சிஸ்டர் சுற்றி வருவார். சில நாள் பாதையை விட்டு வாசலை நோக்கித் திரும்புவார்.

"எங்கம்மா?"

"டூட்டிக்கு நேரமாச்சு."

'இன்னைக்கு டூட்டி இல்ல' என்று சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வரும். கண்ணாடிக்காரர் அதை விழுங்குவார்.

"ரிட்டயர் ஆயிட்டம்மா நீ."

"நானா? யார் சொன்னது?"

"வழியனுப்பு விழாவே நடத்தினாங்க. நானும் வந்திருந்தேன்."

சிஸ்டர் யோசிப்பார். சில நாள் முகம் வாடும். அப்போது கண்ணாடிக்காரர் எழுந்து பக்கத்தில் நிற்பார். சில நாள், "விழா நல்லா நடந்துச்சா?" என்று கேட்பார்.

"பேச்சுதான் ரொம்ப நீளம்."

"அவங்க அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் பாதைக்குத் திரும்புவார்.

வீட்டில் விரிப்பு கட்டில் மேலேயே கிடந்தது. மாலையில் கதவைப் பிடிக்கிற பிடி முழுக்க நிற்கவில்லை, தளர்ந்தது. நோய் குணமாகிவிட்டது என்று கண்ணாடிக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. அது குணமாகிற நோய் இல்லை என்று அவருக்குத் தெரியும். தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட அந்த வாரங்களைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. கைவசம் வாரங்கள் நிறைய இருந்தால் பரவாயில்லை.

மஞ்சள் பனியன்கள் எதிர்ச்சுற்றில் நடந்தன. ஒவ்வொரு சுற்றிலும் சிஸ்டர் எதிர்ப்பட்டு, அப்போதுதான் பார்ப்பது போல "குட் மார்னிங்" சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாள் கேப்டன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலி அருகே வந்து நின்றார்.

"இன்னும் கோபம் தீரலையா சார்?"

"இல்ல."

"சிஸ்டரே எல்லாத்தையும் மறந்துட்டாங்க. தினமும் வாய் நிறைய குட் மார்னிங் சொல்றாங்க. நீங்க மட்டும்..."

"அவ மறந்துட்டா" என்றார் கண்ணாடிக்காரர். "அதனாலதான் நான் மறக்கல."

கேப்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் கூட்டத்தைப் பார்க்கப் போனார். வளைவில் சிஸ்டர் வந்துகொண்டிருந்தார், கைகளை வீசி, பக்கத்து வீட்டு அம்மாளைப் பத்தடி பின்னால் விட்டுவிட்டு.

"இங்க என்ன உக்காந்திருக்கீங்க? எழுந்திருங்க. உக்காந்தே இருந்தா முட்டி இறுகிடும்."

"நீ போயிட்டு வா, நான்..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் சிஸ்டர் தாண்டிப் போயிருந்தார். கண்ணாடிக்காரர் நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டார், பாதையும் பின்வாசலும் ஒரே பார்வையில் படும்படி.