மூன்றாவது அடியில் ஒரு நிறுத்தம்

ஜெயக்கொடிக்கு ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது. அருப்புக்கோட்டை நெசவுத் தெருவில் தார்க்கட்டைகளில் நூல் சுற்றிப் பிழைத்தவள். ஈஸ்டர் விடியலில் சபையார் கல்லறைத் தோட்டத்திலிருந்து கோயிலுக்குப் பவனி போகும்போது முதல் பாட்டைப் பழைய மெட்டில் எடுத்துக்கொடுப்பவளும் அவள்தான். 1991-இல் அதற்கு வேட்டு வைத்தார் சபைச் செயலாளர் ஸ்டீபன்.

"அந்த மெட்ட நெசவுத் தெருவுல அம்மன் திருவிழாவுக்குப் பாடுறாகம்மா. என் காதால கேட்டேன். இந்த வருசம் புது மெட்டுதான்."

அவள் புருஷன் ஜாபேஸை மண்ணில் வைத்தபின் வரும் முதல் ஈஸ்டர் அது. ஜாபேஸுக்கு உயிரான மெட்டு. அவன் தலைமாட்டில் நின்று வேறெதையோ பாட அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

மறுநாள், பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றும் சௌடேஸ்வரியிடம் அந்த மெட்டைப் பற்றிக் கேட்டாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், அம்மனுக்கு அதைப் பாடுகிறவள்.

"அத ஏங்க்கா கேக்குறீக? இது வேதக்காரவுக மெட்டு, சர்ச்சுல பாடுறது, இனிமே பாடக்கூடாதுன்னு எங்க பெரியவுக சொல்லிட்டாக."

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வீட்டாரும் உன் பிள்ளை, உன் பிள்ளை என்று தள்ளிவிட்டால் பிள்ளை எங்கே போகும்? சேர்ந்து பாடிப் பார்த்தார்கள், அவரவர் பாஷையில். மூன்றாவது அடியின் நடுவில் இருவரும் ஒன்றாக நின்றார்கள். கல்லறைக் கல் புரண்டதற்கான நிறுத்தம் என்பார்கள் சபையில். விளக்கைத் தூக்கிக் காட்டுவதற்கு என்பார்கள் சௌடேஸ்வரி வீட்டில்.

கழிவுநூல் அள்ள வந்த குருவம்மாள் திருச்சுழிப் பக்கத்துக்காரி. "பருத்தி எடுக்கையில மடி நெறஞ்சா கூடையில தட்டணும்ல? அதுக்குத்தான் நிப்போம். எங்க காட்டுல எல்லாரும் பாடுறதுதான்" என்றாள்.

அதுதான் மூலம் என்று சத்தியம் செய்ய ஆளில்லை. ஜெயக்கொடிக்கு அது போதுமாக இருந்தது. நேரே ஸ்டீபனிடம் போனாள்.

"அண்ணே, இது அவுகளுதும் இல்ல, நம்மளுதும் இல்ல. ரெண்டு பேருமே பருத்திக் காட்டுலருந்து கொண்டாந்தது."

"காட்டுப் பாட்டா? அது இன்னும் மோசம்."

"நான் அதத்தான் பாடப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஈஸ்டர் விடியலில் கல்லறைகள்மேல் மெழுகுவத்திகள் எரிந்தன. ஸ்டீபன் மைக்கில் புது மெட்டைத் தொடங்கினார். நாலைந்து இளவட்டங்கள் பாட, மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். ஜெயக்கொடி ஜாபேஸின் மண்மேட்டில் மெழுகுவத்தியை ஊன்றிவிட்டுப் பழைய மெட்டை எடுத்தாள். மைக் சத்தம் அவள் குரலை அமுக்கியது. அவள் விடவில்லை. முதலில் பெண்கள் சேர்ந்தார்கள், பிறகு ஆண்கள். ஸ்டீபன் பாட்டை நிறுத்திவிட்டு அவளை முறைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது அடியின் நடுவில் தோட்டமே நின்றது. ஸ்டீபனின் தாயும் பந்தல்குடிக் காட்டில் பருத்தி எடுத்தவள்தான். நிறுத்தம் முடிந்ததும் மீதி அடி எல்லாரையும் முந்திக்கொண்டு மைக்கில் ஸ்டீபன் குரலில்தான் வந்தது.