தங்கையின் கோழிகளுக்கு நான் கட்டிய அடைப்பு

என் தங்கை தோட்டத்தோடு ஒரு தரைவீடு வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அவள் கோழி வளர்க்கத் தொடங்கியதும்தான் தாங்க முடியாமல் போயிற்று. நான் சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில், அடுக்குமாடி ஒன்றின் எட்டாவது மாடியில், மூவறை வீட்டில் தனியாக இருக்கிறேன். அங்கே கோழி வளர்க்க அனுமதியில்லை. அவளுக்கோ வீட்டுக்குப் பின்னால் சொந்த மண், அதில் ஆறு கோழிகள். தினமும் முட்டைகளைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். அழகாயிருக்கிறது என்று எழுதிவிட்டு, நாள் முழுக்க எரிந்துகொண்டிருப்பேன்.

ஒரு நாள் மலைப்பாம்பு ஒரு கோழியை விழுங்கிவிட்டது. கட்டுமான நிறுவனத்தில் வரைபடம் போடுவது என் வேலை. அதனால் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, ஸ்ட்ராங்கா ஒரு அடைப்பு கட்டிக் குடேன் லா."

மறுக்க மனம் வரவில்லை. வரைய உட்கார்ந்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. மழைநீர் வழிந்தோடச் சரிவான கூரை, நான்கு பக்கமும் இரும்புச் சட்டம், விரல்கூட நுழையாத கம்பி வலை. வலையின் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து ஓரடி ஆழத்தில் புதைக்க வேண்டும். அப்போதுதான் பாம்பு மண்ணுக்கடியில் நுழையாது. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வலையை வாங்கி, இரண்டு வாரயிறுதிகள் வேலை செய்தேன்.

கடைசி மூலையில் ஒரு மரவேர் குறுக்கிட்டது. ரம்பத்தை எடுக்க வீட்டுக்குள் போனேன். தங்கை யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "எங்கக்காதான் கட்டுறா. வீக்கெண்ட்ல அவளுக்கு வேற என்ன வேலை இருக்கு?"

ரம்பத்தை எடுக்காமலே திரும்பினேன். அந்த மூலையில் வலையை வேரின் மேலேயே வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் அழுத்தினேன். வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. காலையில் அழைத்தவள் அழுதுகொண்டிருந்தாள். நான் போனபோது மலைப்பாம்பு அடைப்புக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. விழுங்கிய கோழி வயிற்றில் புடைத்திருந்ததால் வந்த வழியே திரும்ப முடியவில்லை. பிடிக்க வந்தவர்கள் அதைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள்.

"நான்தான் கதவைச் சரியா மூடலை போல," என்றாள் தங்கை.

ஆமென்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. அந்த மூலையைக் காட்டினேன். வலையைப் புதைக்கவில்லை என்றேன்.

"மறந்துட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான் விட்டேன். உன் மேல பொறாமை."

எதற்குப் பொறாமை என்று அவள் கேட்கவில்லை. தொலைபேசியில் அவள் சொன்னதை நானும் எடுத்துக்காட்டவில்லை. சொன்னால் பழி அவள் பக்கம் போய்விடும் என்று தோன்றியது. அவள் உள்ளே போய்விட்டாள். நான் ரம்பத்தை எடுத்து வந்து வேரை அறுத்தேன். குழி தோண்டி வலையைப் புதைத்து முடிக்க மதியமாகிவிட்டது.

அப்போதுதான் வெளியே வந்தாள். கையில் ஓர் இரும்புக் கம்பி. மற்ற மூன்று மூலைகளிலும் குனிந்து, மண்ணுக்குள் குத்திக் குத்தி வலை தட்டுப்படுகிறதா என்று பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "சாப்பிட்டுப் போ," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதன்பின் எந்தப் பாம்பும் உள்ளே வரவில்லை. பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால், எனக்கு அவள் மேல் பொறாமை என்பது இப்போது அவளுக்கும் தெரியும்.