கணினி ஏற்றுக்கொண்ட பிறந்தநாள்

எனக்கு இரண்டு பிறந்தநாட்கள். ஒன்று உண்மையானது. இன்னொன்று, பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் தம் வசதிக்கு எழுதிக்கொண்ட ஜூன் மாதத் தேதி. என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான். வீட்டில் யார் பிறந்தது, யார் போனது, எப்போது வீடு மாறினோம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைப்பவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விஜயநகர் வீட்டில், கணினி என்னிடம் சொன்னது: பிறந்த தேதி தவறு.

என் தங்கை கல்யாணமாகி டொராண்டோவில் இருந்தாள். அங்கே சில தமிழர்கள் இணையத்தில் நடத்திய வானொலியில் பாட்டுப் போட்டுப் பேசும் அரைமணி நேர நிகழ்ச்சி அவளுக்குக் கிடைத்திருந்தது. அவளுக்குச் சனி இரவு, எங்களுக்கு ஞாயிறு காலை ஏழரை. நேரடி ஒலிபரப்பு, பதிவு கிடையாது. அம்மா விடிந்ததும் குளித்து, நல்ல புடவை கட்டி, ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வானொலியைக் கேட்பதற்கான மென்பொருளைப் போட்டு, என் பெயரில் கணக்குத் திறந்து கொடுத்தவன் என் மைத்துனன். அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம், வைரஸ் என்று சொல்லிக் கணினியைச் சுத்தமாக அழித்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிட்டு, பெங்களூர் போய்விட்டான். அதுவரை தானாகத் திறந்த கணக்கு இப்போது பாஸ்வேர்ட் கேட்டது. அதை அவன் எனக்குச் சொன்னதே இல்லை. மறந்தவர்களுக்கான இடத்தை அழுத்தினேன். பிறந்த தேதி கேட்டது. உண்மையானதைக் கொடுத்தேன். தவறு. ஜூனைக் கொடுத்தேன். தவறு, இன்னும் ஒரு தடவைதான், பிறகு கணக்கைப் பூட்டிவிடுவேன் என்றது. புதுக் கணக்குத் திறக்கப் பார்த்தால், இந்த மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்றது. வீட்டுக்கே ஒரு மின்னஞ்சல்தான்.

போனும் ஒன்றுதான். இணையத்தைத் துண்டித்தால்தான் மைத்துனனைக் கூப்பிட முடியும். துண்டித்தேன்.

"என்னடா பாஸ்வேர்ட் போட்ட?"

"சும்னே டென்ஷன் ஆகாதீங்க மாமா," என்றான் கன்னடம் கலந்து. "ஞாபகமில்ல. பொறந்த தேதி அடிங்க, வந்துரும்."

"ரெண்டையும் அடிச்சாச்சு. எதைப் போட்டுத் தொலைச்ச?"

"அக்கா சொன்னதைத்தான் போட்டேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

"ஸ்ரீரங்கப்பட்டணம் போய் உங்க பேர்ல அர்ச்சனை பண்ணோமே, அந்தத் தேதி. உங்க நட்சத்திரம் அன்னைக்குத்தானே?"

"அது இந்த வருஷத்துக்குடி! வருஷா வருஷம் மாறும்!"

"பாயசம் குடிக்கறப்ப இதெல்லாம் சொல்லலியே நீங்க?"

மேசையில் ஓங்கி அடித்தேன். மறுபடி இணைப்பு எடுக்கப் பார்த்தால் எங்கேஜ்டு. மோடம் கத்தியது, நின்றது, கத்தியது. நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

"கத்தாதடா," என்றாள் அம்மா. "அவ பேசறது காதுல விழாது."

"அவ பேச்சு இன்னும் இங்க வரவே இல்லம்மா!"

கடைசியில் இணைப்பு கிடைத்தது. அர்ச்சனை செய்த நாளையும் மாதத்தையும் என் பிறந்த வருடத்தோடு சேர்த்து அடித்தேன். கணக்கு மறுபேச்சில்லாமல் திறந்தது. ஸ்பீக்கர் வழியே டொராண்டோப் புடவைக் கடை ஒன்றின் விளம்பரம் வந்தது. பிறகு ஓர் ஆண் குரல் செய்தி வாசித்தது. அரைமணி நேரம் முடிந்திருந்தது.

அமைப்புகளுக்குள் போய் அந்தத் தேதியையாவது திருத்தலாம் என்று பார்த்தேன். பிறந்த தேதியை மாற்ற இயலாது என்றது. மானிட்டரைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன்; அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அம்மாதான் எடுத்தாள்.

"கேட்டேம்மா," என்றாள். "நல்லா பேசின. எல்லாமே நல்லா இருந்துச்சு."

பிறகு வெகுநேரம் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள். ரிசீவரை வைத்ததும் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"கடைசிப் பாட்டுக்கு முன்னாடி என்னைப் பத்தி ஏதோ சொன்னாளாம். அழுதீங்களாம்மான்னு கேக்குறா."

"என்ன சொன்னாளாம்?"

"எப்படிக் கேக்குறது? நான்தான் கேட்டேன்னு சொல்லிட்டேனே."

நானும் தங்கையிடம் கேட்கக்கூடாது என்றுவிட்டாள். நோட்டில் அந்த நாளுக்கு நேராக நான் எதையும் எழுதவில்லை.