கோடியக்கரைக்குப் போகாமல் திரும்பிய கதை

சென்ற பிப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரைக்குக் கிளம்பினேன். பூநாரை பார்க்கப் போகிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாலும் உண்மைக் காரணம் அப்பாவின் பழைய வெள்ளைக் கார்தான். அப்பா போய் ஒரு வருடமாகிறது. கார் சும்மா நிற்கிறதே என்று தம்பி அதை விற்க ஆள் பார்த்துவிட்டான். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சின்ன வயதில் வருடா வருடம் அந்தக் காரில்தான் கோடியக்கரை போவோம். பின் சீட்டில் எனக்கும் தம்பிக்கும் ஜன்னலுக்காக அடிதடியே நடக்கும். கடைசியாக ஒரு தடவை போய்விட்டு வரலாமே என்று நினைத்தேன்.

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ஒரத்தநாடு வரை இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். சம்பா அறுவடை நேரம். அந்த ஊரைத் தாண்டியதும் பாதிச் சாலையில் நெல் காயப் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நெல் மேல் சக்கரத்தை ஏற்றக் கை வராது. வலது பக்கம் ஒடித்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா வயலிலிருந்து ஒரு கிடேரிக் கன்று துள்ளி ஏற வேண்டும்! பிரேக் போட்டும் இடித்துவிட்டேன்.

கன்று விழுந்து, எழுந்து நின்றது. நான் இறங்கி ஓடினேன். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாள்தான் கன்றுக்கும் சொந்தக்காரர். “ஏம்மா, நெல்லு மேலயே ஏத்திட்டுப் போயிருக்கக் கூடாதா? நெல்லக் கூட்டி அள்ளிக்கலாம், கன்னுக்குட்டிய அள்ள முடியுமா?” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர் கேட்டது நியாயம்தான். லோடு ஆட்டோ பிடித்து, கன்றையும் அவரையும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினோம். எலும்பு முறியவில்லை, வீக்கம்தான் என்று அவர் போன் செய்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்தது கார். வலது விளக்கு நொறுங்கி, பானெட் மடங்கி, பம்பர் தொங்கியது. அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் சொட்டியது. ரேடியேட்டர் போய்விட்டது என்று அர்த்தம். ஓடுகிறதே என்று ஓட்டிவிடாதீர்கள், இன்ஜின் வெந்துவிடும். டிராக்டரில் கயிறு கட்டி ஒரத்தநாட்டுப் பட்டறைக்கு இழுத்துப் போனோம். தம்பியைக் கூப்பிட்டேன். “அங்கயே இரும்பு வெலைக்குப் போட்டுட்டு பஸ் ஏறி வாங்க” என்றான். வந்த கோபத்தில் அழுதேவிட்டேன்.

மெக்கானிக் முன்பக்கத் தகட்டைச் சுத்தியலால் தட்டினார். பெயிண்டோடு ஒரு பெரிய கட்டி பெயர்ந்து விழுந்தது.

“அக்கா, இது இன்னைக்கு வாங்குன அடி இல்ல. எப்பவோ பலமா இடிச்சு, பட்டி வச்சுப் பூசி மூடியிருக்காங்க.”

“சான்ஸே இல்லீங்க. எங்கப்பா கார்ல ஒரு கீறல் விழ விட்டதில்ல” என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பதறினேன். பார்த்தால் சிரிப்பு! “மன்னார்குடி ரோட்டுல எருமை மேல விட்டாருடி உங்கப்பா. அது பாட்டுக்கு எழுந்து போயிடுச்சு. இவருதான் ரோட்டோரமா உக்காந்து அழுதாரு. புள்ளைங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. பட்டி பெயர்ந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன். அந்த நிமிஷம் அப்பாவை ரொம்பத் தேடியது.

பழைய ரேடியேட்டர் ஒன்றை மாற்றி, விளக்கு போட்டு, பானெட்டை நிமிர்த்த மாலை ஐந்தாகிவிட்டது. செலவு எட்டாயிரத்து இருநூறு. இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால், வண்டியை நகர்த்தும் முன்பே நாலு பக்கமும் படம் எடுத்துத் தகவல் சொல்லிவிடுங்கள். அறுவடைக் காலத்தில் இந்தச் சாலைகளில் முப்பதுக்கு மேல் போகாதீர்கள். முக்கியமாக, கால்நடையை முதலில் பாருங்கள், காரை அப்புறம் பார்க்கலாம்.

கோடியக்கரைக்கு இனி நேரமில்லை. திரும்பும் வழியெல்லாம் அம்மா அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஒரு வருடமாக அவள் அவர் பெயரை எடுத்ததே இல்லை. தஞ்சாவூருக்குள் நுழையும்போது என் போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டாள்.

“டேய், அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடு. நான் கார்ல போக வேண்டிய ஊரு இன்னும் நெறைய இருக்கு.”