மழை கீறிய சயோரியும் றெஜினோல்டின் கையும்

சயோரி பதினொரு வருடம் மழை கீறினாள். தோக்கியோவில், மங்கா என்கிற யப்பானியப் படக்கதை கீறும் ஒரு பெரிய ஓவியரிடம் பத்தொன்பது வயதில் உதவியாளராகச் சேர்ந்தவள். அந்தத் தொழிலில் முகங்களைப் பெரியவர் கீறுவார். கூரை, மதில், ரெயில் நிலையம், மழை எல்லாம் உதவியாளர்களின் பாடு. சயோரியின் மழையைப் பார்த்த வாசகர்கள் எழும்பிப்போய்க் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்தார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவள் கீறிய கோடுகளை முனைக்கு முனை பொருத்தினால், லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து மன்னாருக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். இதை நம்பத்தான் வேண்டும். அத்தனை மழைக்கும் அவளுடைய பெயர் ஒரு புத்தகத்திலும் வரவில்லை. பெரியவர் ஒருநாள் தொடரை முடித்தார். அவளுக்கு வேலை போயிற்று.

ஆங்கிலம் படிக்க லண்டன் வந்தவளுக்கு ஒரு சுப்பர்மார்க்கெற்றில், சோற்றையும் மீனையும் சுற்றி விற்கும் சுஷி மேசையில் இடம் கிடைத்தது. அங்கே வெள்ளைத் தொப்பியோடு நின்ற பேசாலை யாக்கோப்புதான் மூத்த ஆள். யப்பான்காரிக்குச் சுஷி சுற்றப் பழக்கிய ஒரே மன்னார்க்காரன் அவன்.

"சோத்தை இப்பிடி அமத்தாதையும் தங்கச்சி, களியாப் போயிடும்" என்றானாம். அவள் தலையாட்டினாளாம். தங்கச்சி என்றதை வாபஸ் வாங்க அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. பங்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது. சயோரி ஆறு மாதத்தில் கையால் சோறு சாப்பிடப் பழகினாள். நாலு வருடத்தில் தமிழும் பேசினாள்.

யாக்கோப்பின் அக்கா பிலோமினம்மா அவர்களின் தெருவிலேயே இருந்தார். அவருடைய கணவர் றெஜினோல்ட் இரண்டாயிரத்து ஏழில் காணாமல் போனவர். இடம்பெயர்ந்து ஒரு பனங்கூடலுக்குள் கிடந்த நேரம், ஒரு பின்னேரம், அவர் சட்டிச் சோற்றில் கருவாட்டுக் குழம்பை விட்டுப் பிசைந்து, மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கவளம் கவளமாகத் தீத்தினார். விடிய, படகு இயந்திரத்தை எடுத்து வரப் போனார். அவ்வளவுதான். வீடும் எரிந்தது. அவருடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பதினைந்து வருடமாக ஒருவருக்கும் சொல்லாத அந்தக் கதையைப் பிலோமினம்மா சயோரிக்குச் சொன்னார். சயோரி கேள்வி கேட்பதில்லை, பென்சிலோடு கேட்டுக்கொண்டிருப்பாள். ஞாயிறு பூசை முடிய இருவரும் குசினி மேசையில் இருந்து றெஜினோல்டின் முகத்தைத் தேடினார்கள்.

"மூக்கு இவ்வளவு கூரில்லைப் பிள்ளை."

"இப்ப, மச்சாள்?"

"இது என்ர மாமியின்ர மூக்கு. அழியும்."

பதினாறு ஞாயிறு போனது. பதினேழாவது ஞாயிறு பிலோமினம்மா தாளைப் பார்த்தார், எழும்பினார், கேத்திலைப் போட்டார், தண்ணி இல்லாமலே போட்டார். அதிலிருந்துதான் சயோரிக்கு முகம் சரி என்று தெரிந்தது.

தன் கதையும் மச்சாளின் கதையுமாகச் சயோரி கீறிய பக்கங்கள் இருநூறு ஆயின. ஒரு சின்னப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. யப்பானியப் புத்தகம் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் வாசிப்பது. சயோரியின் கைக்கும் அந்தப் போக்குத்தான் தெரியும். ஆங்கில வாசகருக்கு அது கஷ்டம் என்று, எல்லாப் பக்கங்களையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிட வேண்டுமென்று பதிப்பாசிரியை கேட்டாள். நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாகத் தன் பெயர் அட்டையில் வரப்போகிறவள் மறுப்பாளா? ஒப்பமிட்டாள்.

திருப்பிய பக்கங்கள் சரிபார்க்க வந்தன. முதல் அத்தியாயத்தில் சயோரி தன் தகப்பனின் செத்தவீட்டில் கிமோனோவோடு நிற்கிறாள். உயிரோடிருப்பவர் கிமோனோவின் இடப்பக்கத்தை மேலே வைத்து உடுத்துவார். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தியது. திருப்பிய படத்தில் சயோரி பிணமாக நின்றாள். தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. அன்றே கிமோனோ வரும் ஒன்பது கட்டங்களையும் திருத்திக் கீறி அனுப்பினாள். றெஜினோல்ட் சோறு தீத்தும் பக்கங்களுக்கு வந்தபோது, அத்தனை ஞாயிறு தேடிய முகத்தை மட்டும் பார்த்தாள். முகம் வடிவாக இருந்தது. அடுத்த அத்தியாயத்துக்குப் போனாள்.

புத்தக வெளியீடு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில். ரோல்ஸ், பற்றிஸ், பால் தேத்தண்ணி. பிலோமினம்மா பட்டுச்சீலையோடு முதல் வரிசையில். முதல் பிரதியை யாக்கோப்பு அக்காவின் மடியில் வைத்தான். பக்கத்தில் இருந்த லூர்தம்மா, எந்தச் செத்தவீட்டிலும் முதல் குறை கண்டுபிடிக்கும் மனுசி, எட்டிப் பார்த்தார்.

"ஏன் பிலோமினா, உம்மட மனுசன் இடக்கையரே?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"இஞ்ச பாருமன். கழுவுற கையாலையெல்லோ பிள்ளையளுக்குத் தீத்திறார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிலோமினம்மா பார்த்தார். படத்தில் அவருடைய கடைசிப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. றெஜினோல்டின் இடக்கை சோற்றோடு நீள்கிறது. எட்டுப் பக்கங்களில் அந்தக் கை. மண்டபம் முழுக்க ஆளுக்கொரு புத்தகம் விரிந்திருந்தது.

அன்று பின்னேரமே யாக்கோப்பும் சயோரியும், அவள் கையால் கீறிய அசல் தாளைத் தூக்கிக்கொண்டு பிலோமினம்மாவின் வீட்டுக்குப் போனார்கள்.

"அக்கா, இவள் வலக்கைதான் கீறினவள். அவங்கள் திருப்பினதாலை வந்த பிழை. இந்தா, அசல்."

பிலோமினம்மா தாளைத் தொடவில்லை. சயோரியைத்தான் பார்த்தார். "எல்லாத்தையும் திருப்பினவையெண்டால், உம்மட உடுப்பு எப்பிடிச் சரியா இருக்கு? அந்த உடுப்புக் கதை நீர்தானே எனக்குச் சொன்னனீர்."

சயோரிக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு தெரிந்திருந்தாலும் அன்று தப்பியிருப்பாள்.

"அதை நான் கண்டனான், மச்சாள். திருத்தினனான்."

"அவற்ற கையைக் காணேல்லையோ?"

"காணேல்லை."

"அவற்ற முகத்தை எடுத்துப்போடும். இனி ஒரு புத்தகத்திலையும் வரக்கூடாது."

"அக்கா, வேற படமே இல்லையே. இந்தத் தாளையாவது வைச்சிரும்," என்றான் யாக்கோப்பு.

"உன்ர மனுசியின்ர உடுப்போடை அதுவும் கிடக்கட்டும்." கதவு சாத்தப்பட்டது.

அடுத்த பதிப்பைத் திருப்பாமல் அச்சிடச் சயோரி சண்டை பிடித்து வென்றாள். றெஜினோல்ட் இப்போது வலக்கையால் தீத்துகிறார். ஆனால் அவர் வரும் முப்பத்தொரு கட்டங்களிலும் கழுத்துக்கு மேலே வெள்ளை. அவளே இருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். பதினேழு ஞாயிறு கொடுத்த முகத்தை அழிக்க இரண்டு நாள் போதுமாக இருந்தது.

அந்தப் பதிப்புத்தான் பெயரெடுத்தது. முகமில்லாத அந்த மனிதனைப் பற்றிப் பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதினார்கள். காணாமல் போன எல்லோருக்கும் பொதுவான வெறுமையாம். பரிசும் கொடுத்தார்கள். மேடையில் ஒருவர், அந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். "என் மச்சாள் எடுக்கச் சொன்னார்" என்றாள் சயோரி. சபை அதை அடக்கம் என்று எடுத்துக் கைதட்டியது.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் லூர்தம்மா ஓடிவந்தார். "பிலோமினா, உம்மட மனுசன்ர படத்துக்குப் பரிசாமெல்லே!"

பிலோமினம்மா குடையை விரித்தார். "என்ர மனுசன் அந்தப் புத்தகத்திலை இல்லை" என்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.