கார் இல்லாத வீட்டின் எஞ்சின்

எங்கள் மாட்டுச் சாளையின் சுவரில் ஓர் இரும்புக் கைப்பிடி தொங்குகிறது. பழைய கார்களின் மூக்கில் நுழைத்துச் சுற்றிக் கிளப்புவார்களே, அந்தக் கைப்பிடி. கம்பி முழுக்கக் கறுத்துவிட்டது. பிடிக்கும் இடம் மட்டும் வெள்ளிக் கொலுசு போல மின்னும். அப்பாவின் உள்ளங்கை தேய்த்த மினுக்கம் அது. ஆனால் எங்கள் வீட்டில் ஒருநாளும் கார் இருந்ததில்லை. இருந்தது எஞ்சின் மட்டும்தான்.

எங்கள் ஊரான எருத்தேன்பதிப் பக்கம் முதன்முதலில் கார் வாங்கிய விவசாயிகளில் என் தாத்தாவும் ஒருவர். என்றைக்காவது அது நின்றுபோனால் மாற்றிக்கொள்ளலாம் என்று, பொள்ளாச்சியில் வண்டி உடைத்து விற்கிற கடையிலிருந்து இன்னோர் எஞ்சினையும் வாங்கிப் போட்டிருந்தார். அவர் போன பிறகு பாகம் பிரித்தபோது கார் பெரியப்பாவுக்குப் போயிற்று. சின்னவனுக்கும் வண்டியில் ஒரு பங்கு வேண்டுமில்லையா என்று, பேசித் தீர்க்க வந்தவர்கள் எஞ்சினை அப்பா பக்கம் தள்ளிவிட்டார்கள். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கே மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த கோடையில், கிணற்றுத் தண்ணீரை யார் எந்த நேரத்தில் இறைப்பது என்ற தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கடலைக்காடுதான்.

எஞ்சினை அப்பா வைத்துக் காத்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. உள்ளே தேங்கிய தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்தார். பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதிய எஞ்சின் ஆயிலை நிரப்பினார். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, உள்ளே சுவரெல்லாம் படியும்படி கைப்பிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றினார். பிறகு பிளக்குகளை மாட்டி, காற்றும் புகையும் போய்வருகிற வாய்களை எலி நுழையாதபடி கிரீஸ் தடவிய துணியால் அடைத்தார். தரையின் ஈரம் ஏறாமலிருக்கப் பனங்கட்டைகளின் மேல் ஏற்றி, ஈரத்தை உறிஞ்சப் பக்கத்தில் ஒரு பையில் அடுப்புக்கரி வைத்து, தார்ப்பாயால் போர்த்திக் கட்டினார். அமாவாசைதோறும் அந்தக் கட்டு அவிழும். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு மறுபடி கட்டு.

அம்மாவுக்கு இது தீராத வேடிக்கை. “மாடு வாங்கறதுக்கு முந்தி மணி வாங்குனவனக் கேட்டிருக்கறேன். உங்கப்பா மாட்டையே பாகத்துல உட்டுப்போட்டு மணியத் தொடச்சிட்டு இருக்கறாங்க” என்பாள். யாருக்காக இந்தப் பாடு என்று ஊர்க்காரர்கள் கேட்டால் அப்பாவுக்கு ஒரே பதில்தான்: “வந்து கேக்கட்டும்.” அதை அவர் கோபமாகவும் சொல்லவில்லை, ஆசையாகவும் சொல்லவில்லை. மழை வரட்டும் என்பதுபோலச் சொல்வார்.

நான் எங்கள் பக்கத்துச் சித்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் கார் நின்றுபோனது. வேறு எஞ்சின் போட்டால்தான் ஆகும் என்று வர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டதாக ஊரே பேசியது. கார் அவர் வீட்டுப் புளியமரத்தடியில் நின்றது. எங்கள் சாளையிலிருந்து பார்த்தாலே தெரியும். அவர் வந்து கேட்கவில்லை. அப்பா போய்ச் சொல்லவும் இல்லை. அந்த மாதம் விடுமுறைக்கு வந்த நான் சாளைக்குள் வேறொரு வாசனையை உணர்ந்தேன். அப்பா பிளக் துளைகளில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வரப்பில் நிற்கும் ஆமணக்கில் விளைந்த கொட்டமுத்தை அவரே செக்குக்குக் கொண்டுபோய் ஆட்டிவந்த எண்ணெய். பிறந்த பிள்ளையின் உச்சந்தலைக்கு வைக்க என்று எடுத்து வைப்பது. கேட்டதற்கு, “இதுக்கு எது ஊத்தோணும்னு எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

பிறகு அப்பா நோயில் படுத்துவிட்டார். கைப்பிடியை யாரும் தொடவில்லை. அவர் இறந்த அன்று பெரியப்பா வந்து, செய்யவேண்டிய முறைகளைச் செய்துவிட்டுப் போனார். சாளைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருசத் திவசம் கழிந்த பின் ஒரு சாயங்காலம் கடலைக்காட்டின் வழியாக நடந்துவந்து வாசலில் நின்றார். அம்மா முக்காலியை எடுத்துப் போட்டு, உட்காருங்க என்றாள். காரை இரும்புக்குப் போட மனசு வரவில்லை என்று அவளிடமா என்னிடமா என்று தெரியாதபடி சொன்னார்.

தார்ப்பாயை நான்தான் அவிழ்த்தேன். வெளியே ஒரு பொட்டுத் துரு இல்லை. கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். அசையவில்லை. பெரியப்பா ஒரு பிளக்கைக் கழற்றி, துளைக்குள் விரலை விட்டு எடுத்தார். அரக்கு மாதிரி ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

“வெளக்கெண்ணெ” என்றார்.

அடுத்த நாள் வந்த மெக்கானிக், விளக்கெண்ணெய் நாள்பட நாள்படப் பிசினாகிவிடும், இது தெரியாமலா ஊற்றினார் என்று கேட்டார். எனக்கு அதுதான் விளங்கவில்லை. கிணற்று மேட்டு டீசல் எஞ்சினைக் கழற்றி வைத்தபோது அப்பா எஞ்சின் ஆயில்தான் ஊற்றினார். தெரியாதவர் இல்லை. அப்படியானால், அண்ணன் வந்து கேட்கும்போது எதற்கும் உதவாமல் போகட்டும் என்று ஊற்றினாரா? இல்லை, இனி எந்த நாளும் அண்ணன் வரலாம், வீட்டிலிருப்பதில் உயர்ந்ததைக் கொடுப்போம் என்று ஊற்றினாரா? மாதாமாதம் சுற்றிக்கொண்டே இருந்திருந்தால் இப்படி இறுகியிருக்காது என்றும் மெக்கானிக் சொன்னார். அப்பா சுற்றிக்கொண்டேதான் இருப்பதாக இருந்தாரோ என்னவோ. “படிச்சவன் நீதான, சொல்லு” என்கிறாள் அம்மா. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் என்பதால் எல்லாக் குழப்பமும் என்னிடம்தான் வந்து சேரும். பெரியப்பாவிடமே கேட்டுவிட்டேன்: “அப்பா வேணும்னே ஊத்துனாங்களா, பெரியப்பா?”

அவர் குனிந்து எஞ்சினின் மேல் கை வைத்தார். “எங்கப்பன் மாட்டு வண்டி அச்சுக்கு இதத்தான் ஊத்துவாரு. நானும் அவனும் ஆளுக்கொரு சக்கரத்தப் புடிச்சுக்குவோம்” என்றார். பிறகு, “எனக்கென்ன தெரியும் கண்ணு” என்றார்.

துளைகளில் டீசல் ஊற்றி ஊறவிட்டு, நாள்தோறும் இருவராக நின்று மெதுவாக அசைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக். முரட்டுத்தனமாக இழுத்தால் உள்ளே உடைந்துவிடுமாம். அன்றிலிருந்து பெரியப்பா தினமும் சாயங்காலம் வருகிறார். இருவரும் கைப்பிடியைப் பிடித்து அழுத்துவோம். அது நின்ற இடத்தில் நிற்கும். பிறகு அம்மாவின் காப்பி. கடலைக்கு விலை இல்லாதது, காட்டுப்பன்றி வந்தது, அப்பா சின்ன வயதில் கிணற்றில் குதித்து மண்டையை உடைத்துக்கொண்டது என்று பேச்சு நீளும். அப்பாவைப் பற்றி இவ்வளவு கதைகள் இந்த வீட்டில் இதற்கு முன் கேட்டதில்லை.

நேற்று அழுத்தியபோது கைப்பிடி நகர்ந்தது. ஒரு நெல்மணி அகலம் இருக்கலாம். என் உள்ளங்கைக்கு நன்றாகத் தெரிந்தது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. எஞ்சின் சுற்ற ஆரம்பித்துவிட்டால் பெரியப்பா அதை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் எதற்கு வருவார்? என் கை தானாகவே தளர்ந்தது. அருகில் அவர் கையும் பிடியில்தான் இருந்தது.

“இன்னிக்கும் அசையல கண்ணு. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார் பெரியப்பா.

“ஆமாங்க பெரியப்பா” என்றேன்.

அவர் காப்பிக்காக வாசல் பக்கம் நடந்தார். நான் கைப்பிடியைக் கழற்றிச் சுவரில் மாட்டினேன். மினுங்குகிற அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. யாருடைய கைச்சூடு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.