எர்சிலியா பதித்த கண்கள்

ரோமில் எங்கள் பதக்கப் பட்டறையில் உருவங்களுக்குக் கண் பதிக்கிற வேலை எர்சிலியாவுடையது. நான் உலையில் கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்துக் கொடுப்பேன். மற்றவர்கள் அதைக் கடுகிலும் சிறிதாக நறுக்கி, எண்ணெய்ச் சாந்தில் ஒவ்வொன்றாக நட்டு, புறா, நாய், இடிந்த கோயில் என்று பதக்கங்கள் செய்வார்கள். வெளிநாட்டுச் சீமாட்டிகள் அள்ளிக்கொண்டு போவார்கள்.

காலரா வந்த கோடையில் எர்சிலியாவின் நான்கு வயது மகள் தெக்லா இறந்தாள். தாய் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் பிண வண்டிக்காரர்கள் குழந்தையைத் தூக்கிப் போய்விட்டார்கள். கடைசியாக முகத்தைப் பார்க்கக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதன்பின் அவள் பதித்த கண்ணெல்லாம் ஒரே கண்தான். புறாவும் யாரையோ தேடியது, நாயும் தேடியது. நாய் அழுதால் எவள் வாங்குவாள் என்று முதலாளி எரிந்து விழுந்தார்.

நாங்கள் ரொட்டியும் வெங்காயமும் தின்கிற மதிய வேளையில், கட்டைவிரல் அகலச் செப்புத் தகட்டில் அவள் தெக்லாவின் முகத்தைச் செய்தாள். மூன்று வருஷம். தினமும் கண்ணைப் பதிப்பாள், பிடுங்குவாள். இன்னும் என்னைப் பார்க்கவில்லை என்பாள். சாந்து இறுகிவிட்டால் ஒரு துணுக்கைக்கூட அசைக்க முடியாது. அதனால் அடிக்கடி புதுச் சாந்து வைத்து, எண்ணெயில் நனைத்த துணியால் மூடி வைப்பாள்.

எனக்கு அந்தத் தகடு இருக்கும் பக்கம் போகவே பிடிக்காது. எங்கே நின்றாலும் துணிக்கு அடியிலிருந்து யாரோ என்னைப் பார்ப்பது போலிருக்கும். இப்படியே போனால் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றும் பயந்தேன். ஒருநாள் முதலாளி அவளைக் கடைக்குச் சரக்கு கொடுக்க அனுப்பினார். நான் தகட்டைத் துணியோடு எடுத்து உலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சூட்டில் சாந்து இறுகித் தொலையட்டும் என்றுதான் வைத்தேன். துணியைத் தூக்கிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

மாலையில் அவள் வந்து தூக்கினாள். அன்று காலைதான் இரண்டு கண்ணையும் பிடுங்கியிருக்கிறாள். கல்லாக இறுகிப்போன முகத்தில் இரண்டு குழிகள்.

நான் செய்ததைச் சொன்னேன். அவள் அடித்திருந்தால் தேவலை. எழுந்து போய், இடுக்குகளை அடைக்க நாங்கள் கடைசியில் பூசும் மெழுகில் தோல் நிறக் கட்டி ஒன்றை எடுத்துவந்தாள். உள்ளங்கையில் வைத்து இளக்கி, குழி இரண்டிலும் அழுத்தி, விரலால் மெல்ல நீவிவிட்டாள். இமை இறங்கிவிட்டது.

"மூணு வருஷமா முழிச்சிட்டே இருந்திருக்கா, அன்னிபாலே," என்றாள். "கண்ண மூடிவிடணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."